கயலைச் சேலத்துக்கு அனுப்பச் சொன்ன வாரம்

மார்ச் 3, திங்கள்

காலை ஏழுக்கே சுள்ளென்று வெயில். புட்டிகள் கொதிக்கவைத்தாயிற்று. இரண்டு மாதக் குழந்தை கயலின் எடை 3.8 கிலோ. சளி குறைவு. டயபர் தீர்ந்தது, பழைய வேட்டி கிழிக்க வேண்டும்.

மதியம் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன். நான் நர்ஸாக இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்கு அரசு நிதி இந்த வருடம் இல்லையாம். வெள்ளிக்கிழமை வேன் வரும். ஐந்து குழந்தைகளும் சேலம் பக்கம் ஓர் இல்லத்துக்கு.

பொறுப்பாளர் மேரி அக்கா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "மத்த நாலுக்கும் யாரும் இல்ல. கயலுக்கு அம்மா இருக்குதே" என்றார்.

லட்சுமி. மரக்காணத்தில் உப்பளக் கூலி. புருஷன் விட்டுப் போய்விட்டான். பிரசவமான பத்தாம் நாள் அவளே வந்து கையெழுத்துப் போட்டுக் கயலை இல்லத்தில் கொடுத்தாள். மனம் மாறினால் திரும்ப வாங்க இரண்டு மாத அவகாசம். இன்னும் ஒன்பது நாள் பாக்கி. அவளிடம் போன் கிடையாது.

மார்ச் 5, புதன்

லீவு போட்டு மரக்காணம் பஸ். கிளம்பும்போது மேரி அக்கா, "விஷயத்த மட்டும் சொல்லு. எடுத்துக்கன்னும் சொல்லாத, வேணாம்னும் சொல்லாத."

உப்பு வெள்ளையில் கண் கூசியது. லட்சுமி பாத்தியில் நின்று பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பாதமெல்லாம் வெடிப்பு. என்னைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டாள்.

"கொழந்தைக்கு எதனா ஆயிடுச்சா சிஸ்டர்?"

"இல்லம்மா, நல்லா இருக்குது. சேலத்துக்கு அனுப்பப் போறாங்க. நாளன்னிக்கு."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தூக்கினு வந்தா எங்க போடுவேன்? இந்த வெயில்லயா?"

தாயோடு வளரும் குழந்தைக்கும் அரசு உதவித்தொகை உண்டு, எழுதிப் போடலாம் என்றேன்.

"குடுக்கும்போது யாரும் சொல்லலியே."

அவள் கையெழுத்துப் போட்ட அன்று பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். ஏனென்று கேட்கவில்லை, உதவித்தொகை இருக்கிறதென்று சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

லட்சுமி வரவில்லை. ஐந்து பை கட்டினேன். தடுப்பூசி அட்டை, ஸ்வெட்டர், பால் பவுடர். சாயங்காலம் கயல் முதல்தடவையாகச் சிரித்தாள். பார்த்தது நான் ஒருத்திதான்.

மார்ச் 7, வெள்ளி

வேன் ஒன்பதுக்கு. எட்டரைக்கு வாசலில் லட்சுமி. கூடவே ஒரு பெண். "நான் பக்கத்து வூடுங்க. பகல்ல கொழந்தைய நான் பாத்துக்கறேன்."

மேரி அக்கா அலுவலகத்தோடு போனில் போராடினார். "அம்மா வந்து நிக்குது சார். எப்படி சார் ஏத்தறது?" கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை குழந்தைகள் நலக் குழு முன்னால் லட்சுமி கயலைத் திரும்பக் கேட்க வேண்டும். அதுவரை கயல் இங்கே. உதவித்தொகை மனுவும் அன்றே. பணம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

மற்ற நால்வரும் போனார்கள். சின்னவன் என் விரலை விடவில்லை. பிரித்து எடுத்தேன்.

உள்ளே வந்தால் லட்சுமி கயலை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குப் பால் நின்னுடுச்சி சிஸ்டர். புட்டிய எப்படிப் புடிக்கணும்?"

சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்.

காலித் தொட்டில்களை இன்றே கழற்றச் சொன்னார்கள் அலுவலகத்திலிருந்து. முடியாது என்றேன்.