மாதா ஒட்டியிருந்த ஸ்டியரிங்

ஞாயிறு, இரவு பத்தேகால்

காரின் ஹோர்ன் அடிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற ‘பொறியியலாளன்’ நான், வாசலிலேயே ஸ்டியரிங்கைக் கழற்றப் போனேன். மகள் ஷெரின் கையைப் பிடித்துவிட்டாள்.

“அப்பா, பற்றரி வயரைக் கழட்டினீங்களா? எயார்பேக் வெடிச்சா முகம் இருக்காது.”

“இருந்து மட்டும் என்ன பிள்ளை பிரயோசனம்?”

வயரைக் கழற்றி அரை மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு ஷெரின் எயார்பேக்கைக் கழற்றி, முகப்பு மேலே இருக்கும்படி வைத்தாள். முகப்பின் நடுவில் மாதா பதக்கம். கார் வாங்கிய அன்று, காவலுக்கென்று என் மனைவி ஒட்டியது.

“ஐயோ, வெடிச்சிருந்தா மாதா நேரா உங்கட நெத்தியிலதான்!”

இருவரும் சிரித்தோம். பதக்கம் ஒட்டிய அன்று கொட்டாஞ்சேனைக் கோயிலிலிருந்து வெள்ளவத்தை வரை, பசை காயட்டும் என்று என்னை ஒருமுறையும் ஹோர்ன் அடிக்க விடாமல் வந்தவள் என் மனைவி. அவள் கண்மூடி ஆறு வருடம்.

ஷெரின் பதக்கத்தைப் பக்குவமாக உரித்துத் தந்து, “திரும்ப ஒட்டக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அறுந்திருந்த வயரையும் மாற்றினாள். ஹோர்ன் இப்போது தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துகிறது.

பதக்கம் தலையணைக்கு அருகில் இருக்கிறது. பின்புறம் மனைவி பூசிய பசை அப்படியே. சுரண்ட மனம் வரவில்லை.