நிலைவாசலில் தொங்கும் கள்ளி

பூஞ்சேரி
3.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

காசியம்மாள் எழுதுவது. நான் நலம். ஜெயில் சோறு தின்று நீ என்னைவிடக் குண்டாகியிருந்தால் எழுதி அனுப்பு, சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும்.

மனு போட்டுப் பார்க்க வராதே என்றாய். போனிலும் பேச மாட்டேன் என்றாய். கடிதம் எழுதாதே என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டாய், மாட்டினாய். அஞ்சாவது படித்தவள் கையெழுத்தைப் படிப்பதும் தண்டனைதான். அந்த நாளைக் கழித்துக்கொள்ளச் சொல்.

விஷயம் உன் கள்ளிச்செடி. நர்சரியில் வாங்கி, வேனில் முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கூட்டி வந்தாயே, அதுதான். எனக்கு ஒரு நாளாவது நீ பெல்ட் மாட்டிவிட்டது உண்டா? அது இப்போது ஜன்னலில் குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. அடியில் தொட்டால் கனிந்த வாழைப்பழம் போல அமுங்குகிறது. நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ரோஜாவுக்கு ஊற்றுவது போல தினமும் மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன். நீ இல்லையே என்று அது ஏங்கக்கூடாது பார்.

சிற்பப் பட்டறையில் வேலை அப்படியேதான். அவர்கள் சாமி செதுக்குகிறார்கள், நான் சில்லுக் கூட்டுகிறேன். செடிக்கு என்ன செய்வது, எழுது.

உன்
காசி

•

புழல்
15.11.2024

காசிக்கு,

கள்ளிக்கு மாதம் இரண்டு முறை தண்ணீர் போதும். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். நீ ஊற்றி ஊற்றியே அதன் அடியை அழுக வைத்துவிட்டாய்.

அழுகல் மேலே ஏறும். அதற்குள் வெட்டு. வெட்டின இடத்தில் நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே வெட்டு. முழுக்கப் பச்சையாகத் தெரிகிறவரை நிறுத்தாதே. பாவம் பார்க்காதே. அடியைத் தூர எறிந்துவிடு. மேல் பாகத்தை உடனே மண்ணில் வைக்காதே. ஈரக் காயத்தோடு நட்டால் மறுபடியும் அழுகும். நிழலில் போட்டு, காயம் தோல் கட்டும்வரை காயவிடு.

இன்னொன்று. தண்டனையில் கழிவு போக வரும் ஜூலையில் விடுவார்கள். நான் பூஞ்சேரிக்கு வரவில்லை. அச்சரப்பாக்கத்தில் நெல் மண்டி வேலை இருக்கிறது என்று தம்பி ரமேஷ் சொல்கிறான், அங்கே போய்விடுவேன். வேன் ஓட்டும்போது நான் கண் அசந்தது ஒரு நொடி. வாசுதேவனும் அவன் சைக்கிளும் பால் கேனும் அந்த ஒரு நொடியில் போயின. அவன் பெண்டாட்டி பிரபாவதி தினமும் நம் வாசல் வழியாகத்தானே சத்துணவுக்கூடத்துக்குப் போகிறாள். நான் அந்த வாசலில் உட்கார்ந்து டீ குடிக்க முடியுமா?

நீ வருவதானால் அச்சரப்பாக்கத்துக்கு வா. இல்லாவிட்டால் உன் இஷ்டம்.

கேசவன்

•

பூஞ்சேரி
8.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வெட்டிவிட்டேன். மீன் நறுக்குகிற அரிவாள்மணையிலேயே. முதல் வெட்டில் பழுப்பு, இரண்டாவதிலும் பழுப்பு. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். இடுப்பு உயரச் செடியில் ஒரு முழம்தான் மிஞ்சியது. பச்சை தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். விரலில் ஒன்பது முள். அதையும் உன் கணக்கில் எழுது.

காயவிடு என்று சுலபமாக எழுதிவிட்டாய். எங்கே காயவிடுவது? புயல் மழையில் கூரை நாலு இடத்தில் ஒழுகுகிறது, பாய்கூட ஈரம். ஒழுகாத ஒரே இடம் நிலைவாசல். கற்றாழையைக் கட்டுகிற மாதிரி தலைகீழாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். சும்மா தொங்கினால் சிரிப்பார்கள் என்று காயத்தில் மஞ்சள் அப்பிக் குங்குமமும் வைத்தேன். எதிர் வீட்டுப் பாப்பா விடுவாளா?

“இன்னாக்கா, ஊரே கத்தாழ கட்டுது, நீ கள்ளிய கட்டிகினு கீற?”

“எங்க வூட்டு மேல கீற கண்ணுக்கு கத்தாழ பத்தாதுடி.”

என் உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன். என்னைவிட உயரமாக யார் வந்தாலும் நெற்றியில் குத்தும். இந்த வீட்டில் அப்படி ஒருத்தர்தான் இருந்தார்.

அச்சரப்பாக்கம் பற்றி: அங்கே கடல் இல்லை, மீன் இல்லை, உன் தம்பிதான் இருக்கிறான். மூன்றும் எனக்கு ஒத்துவராது.

காசி

•

பூஞ்சேரி
20.2.2025

மாமாவுக்கு,

பொங்கலுக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கள்ளி சாகவில்லை. நட மறந்துபோனேன் என்று நினைக்காதே. இறக்கினால் மறுபடியும் என் கையாலேயே கெடுத்துவிடுவேனோ என்று பயம். சுருங்கி, தோல் வரி வரியாகி, பச்சையாகவே தொங்குகிறது.

இந்த ஒரு தடவை கிண்டல் இல்லாமல் எழுதுகிறேன். தினமும் காலையில் பிரபாவதி வருகிற நேரத்தில் நான் வாசல் கூட்டுகிறேன். உள்ளே ஓடி ஒளியவில்லை. அவள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறாள். நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் தாண்டும்வரை நிற்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அச்சரப்பாக்கம் போய்விட்டால் அந்த முகத்தைப் பார்க்க நான் ஒருத்திதான் மிச்சம். வண்டி ஓட்டியது நீ. நிற்பது நான்.

எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்.

காசி

•

பூஞ்சேரி
6.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன், ஒன்றும் சேர்க்கவில்லை.

காலையில் கூட்டிக்கொண்டிருந்தேன். பிரபாவதி வந்தாள். எதிர்ப்பக்கம் போனவள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, நிலைக்கு மேலே பார்த்தாள். அப்புறம் ரோட்டைத் தாண்டி நம் வாசலுக்கே வந்தாள்.

“தோ பாரு, அது வேரு வுட்டுகினு கீது. இன்னும் எத்தினி நாளு தலகீயா தொங்க வுடுவ? எறக்கி மண்ணுல வையி.”

நிமிர்ந்து பார்த்தேன். வெட்டின இடத்தைச் சுற்றி வெள்ளை நூல் மாதிரி நாலைந்து வேர். தினமும் அடியில் நிற்கிறவள், எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியுமே, என் வாய் எப்படிப்பட்டது என்று. அந்த வாயால் வெறும் “ம்” என்றேன். அவள் போய்விட்டாள்.

இன்று காலையில் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். அதனால் மன்னித்துவிட்டாள் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். செடியைப் பற்றித்தான் பேசினாள், அவ்வளவுதான்.

இன்னும் இறக்கவில்லை. எப்படி நடுவது என்று எழுது. எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்த மாதிரி நட்டு மீன் தண்ணீர் ஊற்றுவேன்.

உன்
காசி

•

புழல்
24.6.2025

காசிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பொங்கலுக்குப் போட்டதும் இருக்கிறது. பிப்ரவரிக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் சும்மா இருந்தேன்.

அவள் அதைக் கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? நீ எழுதவில்லை. எழுத வேண்டாம்.

பட்டறையிலிருந்து கல் சில்லு கொண்டு வா. பொடியை உதறிவிட்டு, சில்லு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து வை. கடல் மணல் எடுக்காதே, உப்பு. பாலாற்று மணல் யாரிடமாவது கேட்டு வாங்கு. சின்னத் தொட்டி போதும். நட்ட பிறகும் பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது. மீன் தண்ணீர் எப்போதுமே கிடையாது.

ஜூலை 11 காலையில் விடுகிறார்கள். அச்சரப்பாக்கம் இல்லை என்று ரமேஷுக்கு எழுதிவிட்டேன். மகாபலிபுரம் பஸ்ஸில் வந்து, பால் கேன் உருண்டு கிடந்த இடத்தில் இறங்கி நடந்து வருவேன். முதலில் பிரபாவதி வீட்டுக்குப் போவேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நின்றுவிட்டு வருவேன். நீ கூட வராதே. இவ்வளவு நாள் நீ நின்றது போதும்.

அதன் பிறகுதான் நம் வீடு. செடியை நீ இறக்காதே, நான் நட்டுக்கொள்கிறேன். உன் உயரத்துக்குத்தானே கட்டியிருக்கிறாய், இருக்கட்டும். நான் குனிந்து வருகிறேன்.

கேசவன்