அந்தத் தண்ணி எங்க போவுது?

நேற்று காரிமங்கலம் சந்தைக்குப் பஸ்ஸில் போனேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் திருப்பம் வந்ததும் என் கை தானாக முந்தானையை எடுத்து மூக்கை மூடியது. பக்கத்துச் சீட்டுப் பெண் பதறி, "ஏன் ஆயா, வாந்தி வருதுங்களா?" என்று ஜன்னலோரம் இடம் விட்டாள். வாந்தியும் இல்லை, வாடையும் இல்லை. வாடை நின்று பல வருசமாகிறது. பழகிய கைக்குத்தான் அது தெரியவில்லை. உன் நினைவு வந்துவிட்டதடி. நீ போய்ச் சேர்ந்து இந்த ஆடியோடு இரண்டு வருசம்.

அந்த மில்லில்தான் நாம் எதிரெதிரே உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவினோம். கிழங்கு கழுவிய தண்ணீர் புளித்து நாறி, வாய்க்காலில் ஓடி, பள்ளத்தில் இருந்த என் கிணற்றில் இறங்கியது. மாடுகூட மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வேலை போய்விடுமே என்று நான் வாய் திறக்கவில்லை.

நீ வேறு மில்லுக்கு மாறினாய். "அங்க மூடி போட்ட தொட்டி கட்டி, அழுக்குத் தண்ணிய அதுல வுடறாங்கடி. அதுல வர்ற கேஸுலதான் ஜவ்வரிசி வறுக்கறாங்க. நீயும் வா" என்றாய்.

"பொழப்பு குடுத்த எடத்த வுட்டுட்டு ஓடறவகிட்ட எனக்கென்ன பேச்சு?" என்றேன். ஒரு வருசம் உன்னிடம் பேசவில்லை.

உன் பின்னால் பத்துப் பேர் போனார்கள். முதலாளி பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டே இன்னும் நான்கு பேர் போனார்கள். கிழங்கு லாரி வந்து நின்றது, சீவ ஆளில்லை. கடைசியில் அவரே உன் வீடு தேடி வந்தார். வழி காட்டியது நான்.

"கூலி சேத்துத் தரேன், வாம்மா."

"கூலி இருக்கட்டுங்க. மொதல்ல தொட்டி கட்டுங்க. இவ கெணத்த ஒருநாளாவது எட்டிப் பாத்திருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் என் வாய் திறந்தது. "குடிக்க முடியலைங்க" என்றேன்.

தொட்டி வந்தது, நீயும் மற்றவர்களும் திரும்பி வந்தீர்கள். முதலில் சாணி கரைத்து ஊற்ற வேண்டும் என்று மேஸ்திரிக்கே நீதான் சொல்லிக் கொடுத்தாய். "சாணி ஊத்தாம கேஸு உங்க தலையிலருந்தா வரும்?" என்று நீ கேட்டதும் மில்லே சிரித்தது. சில மழைக்காலம் போனதும் என் கிணறு தெளிந்தது.

போன வாரம் ஓசூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். வேறு கம்பெனிக்கு மாறப் போகிறாளாம். சம்பளத்தை நான் கேட்கவில்லை. "அவங்க கழிவுத் தண்ணி எங்க போவுது?" என்றேன். சிரித்தாள். ஆனால் இன்டர்வியூவில் அதையே கேட்டாளாம், இன்று காலை மறுபடி போன் செய்து சொன்னாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களாம்.

"அஞ்சாவது படிச்ச ஆயாவுக்கு இது எப்படித் தோணுச்சு?" என்றாள்.

உன் பேரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு குடித்தேன்.