எலி வளையில் கிடைத்த அரிசி

என் உசுரான கன்னியம்மா அக்கா,

நேற்று அந்த நிலக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த வாசலை மிதிக்கவே கூடாது என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். மிதித்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பெரும்பாக்கத்தில் அவர் வயல் இப்போது வயலாக இல்லை. மனை பிரித்து விற்றுவிட்டார். நீ விழுந்த வரப்பின் மேல் தார் ரோடு போகிறது. மூலையில் அவரே மாடி வீடு கட்டிக்கொண்டார்.

நடந்தது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அக்கா. நாம் இருளர். அறுப்பு முடிந்த வயலில் எலி பிடிக்க நம்மைக் கூப்பிடுவார்கள். காசு கிடையாது. பிடித்த எலியும், வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும்தான் கூலி. எலியைத் தீயில் வாட்டி, மிளகும் பூண்டும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைப்பாய். அந்த வாசனைக்கே எனக்குப் பசி வந்துவிடும்.

அன்றைக்கு மாமா, உன் வீட்டுக்காரர், ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகை ஊதினார். நான் எதிர் வாயில் சாக்கைப் பிடித்தேன். நிலக்காரர் வரப்பில் குடையோடு நின்று, "ஒரு வளையும் வுடாதீங்க, எல்லாத்தையும் தோண்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ கடப்பாரையால் தோண்டி, கையை விட்டு அள்ளினாய். நெல்லோடு அரிசியும் வந்தது. சிரித்துவிட்டாய்.

"இங்க பாருடி அலமேலு, இது வசதியான எலி. நெல்லக் குத்தி அரிசியாவே வெச்சிருக்குது!"

அரிசி கறுத்திருந்தது. புகை பட்ட கறுப்பு என்று நினைத்தோம். முந்தின நாளிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றாய். மீதியை உன் கைக்குழந்தை ரோசாவுக்குக் கஞ்சி காய்ச்சலாம் என்று மடியில் கட்டிக்கொண்டாய். அவள் அப்போது மரத்தடித் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே விழுந்தாய். வாந்தி நிற்கவில்லை. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு ஆட்டோக்காரர் நம் துணியையும் சேற்றையும் பார்த்தார். "வண்டி நாறிடும், வேற வண்டி பாரு" என்று போய்விட்டார். அடுத்த வண்டி வந்தபோது என் கையில் நீ கனத்துவிட்டாய்.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நிலக்காரர் வந்தார். அரிசியில் மருந்து இருந்ததா என்று மாமா கேட்டார். "எலி மருந்து கலந்த அரிசியா? எனக்கே தெரியாதே. வேல ஆளுங்க எவனாவது வெச்சிருப்பான். கண்டதத் தின்னா இப்டித்தான் ஆவும்" என்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உன் மடியை அவிழ்த்தபோது அரிசி என் காலில் கொட்டியது. ரோசா பாலுக்கு அழுதுகொண்டிருந்தாள்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள். ஆனால் அங்கே அவளுக்கு வைத்திருக்கிற பேர் 'எலி தின்னு செத்தவ பொண்ணு'. நம் அடுப்பில் எலிக்கறி வெந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். ஒருநாள் என்னைக் கேட்டாள்: "சித்தி, எங்கம்மா ஏன் அந்தக் கருமத்தத் தின்னுச்சு?" நான் என்ன சொல்வேன், அக்கா?

நேற்றுக் காலை நிலக்காரரின் ஆள் ஓடி வந்தான். வீட்டுக்குள் நல்ல பாம்பு புகுந்துவிட்டதாம். பாம்பு பிடிக்கவும் நம்மைத்தானே கூப்பிடுவார்கள். மாமா கோவளம் பக்கம் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போயிருந்தார். நான் வரமாட்டேன் என்றேன். "மருமவளும் புள்ளயும் ரூமுக்குள்ள மாட்டிக்கினு கீறாங்க" என்றான். பிள்ளை என்றதும் எழுந்துவிட்டேன்.

பாம்பு அறை வாசலில் சுருண்டிருந்தது. பிடித்தேன். ஆனால் சாக்கில் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஐயா, அன்னிக்கு வளையில மருந்து வெச்சது ஒங்களுக்குத் தெரியுமா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? மொதல்ல அத சாக்குல போடு."

"தெரியுமா, ஐயா?"

அவர் பாம்பையே பார்த்தார். "தெரியும். நாந்தான் வெக்கச் சொன்னேன். மருந்துக்கு எலி சரியா சாவல. அதான் உங்கள கூப்ட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

அவ்வளவுதான், அக்கா. உன் உயிர் போனதற்கு அதுதான் காரணம். அறைக் கதவைத் திறந்த மருமகள் காதிலும் அது விழுந்தது. மாமனாரை ஒருமுறை பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

பாம்பைச் சாக்கில் கட்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அவர் காலடியிலேயே போட்டிருக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நீயாக இருந்தால் போட்டிருப்பாயா?

இன்று சாயங்காலம் ரோசா வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லப்போகிறேன். ரோசா, உன் அம்மா எலி தின்று சாகவில்லை. பசிக்கு ஒரு கை அரிசி தின்றாள். அதில் விஷம் இருப்பது தெரிந்தவர், குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் பேரையும் சொல்லிக்கொடுப்பேன். இனி பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும், உன் மகள் தலை குனியாமல் அந்தப் பேரைச் சொல்வாள். இது உன்மேல் சத்தியம்.

உன் மகளுக்குத் தாயாகிப்போன தங்கச்சி,
அலமேலு