மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வது?

பாண்டி பஜார் கடையில் கொடுத்த ஃப்ளாட் டிவி நோட்டீஸின் பின்பக்கத்தில், காலேஜ் விட்டு வரப்போகும் மகளுக்கு வத்ஸலா எழுதிக்கொண்டிருந்தாள்.

"நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கான்?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த கணவர் சுந்தரராமன்.

"எட்டடி தள்ளி உக்காந்து பாக்கணுமாம்."

"இதுலயாவது பளிச்னு தெரியட்டும்."

அவள் நிமிராமல் எழுதினாள்.

'மஹதி, ரசத்தைச் சுட வெச்சுக்கோ. சாயங்காலம் டிவி கொண்டுவருவா. ஜன்னலுக்கு எதிர்ல வைக்க விடாதே, வெளிச்சம் அடிக்கும். ஸ்டெபிலைசர் இல்லாம போடாதே. அப்பா கிட்டக்கப் போய்த்தான் உக்காருவார், அதட்டாதே.

நேத்து கண் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டார். போன பார்வை திரும்பாதாம், மிச்சமும் நிக்காதாம். பழைய டிவிதான் கோளாறுன்னு அப்பா நம்பிண்டிருக்கார். கேபிள்காரனோட சண்டை கூடப் போட்டாச்சு. புதுசு வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அடையாறுல இன்னொரு டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டப் போறேன். அவரும் இதையேதான் சொல்லப்போறார்.'

நோட்டீஸை அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே மேஜைமேல் வைத்தாள். இனி அவரிடம் எந்தக் காகிதத்தையும் ஒளிக்க வேண்டியதில்லை.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து நோட்டீஸைப் புரட்டினாள். 'படம் மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வது?' என்று அச்சடித்திருந்த கேள்வியின் கீழ், இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினாள்.

'உனக்கு எப்படித் தெரியறதுன்னு அப்பா கேப்பார். எனக்கும் மங்கலாத்தான் இருக்குன்னு சொல்லிடு.'