மௌனத்தை நிரப்புகிறவள்

பிப்ரவரி 6, வியாழன்

வாலு இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. கேட்டால் தலைவலி. நேற்று வயிற்றுவலி. நாளைக்கு எந்த உறுப்போ. ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்றுதான் என் மகளுக்கு வாலு என்று பெயர் வந்தது. பதினைந்து வயதில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 7

மறுபடியும் வயிறு.

பிப்ரவரி 10, திங்கள்

பள்ளி ஆலோசகரைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவர். "கோபம் வந்தா, அது கோபம்தானான்னு அவளே பார்க்கட்டும். உள்ள வேற ஏதாவது இருக்கும். அதுக்கு அவளே பேர் வைக்கட்டும், நீங்க வைக்காதீங்க. அவ பேச ஆரம்பிச்சா நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்" என்றார்.

போதுமாம். இவ்வளவு வருடமாக வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போனும் கையுமாக இருக்கிறேன். அங்கே சற்று நேரம் பேசாமல் இருந்தால் டீம் லீடர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எழுந்து நின்று கையை ஆட்டுவார். வாடிக்கையாளர் மௌனமானால் அந்த இடத்தை நாம் நிரப்ப வேண்டும். "உங்க சிரமம் புரியுது, உடனே பார்க்கறோம்." தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

பிப்ரவரி 12

சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "உன் சிரமம் புரியுது" என்றேன். சத்தியமாக, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான் என்ன மெஷினாம்மா? ரிப்பேர் பண்ண ஆள் அனுப்பப் போறியா?"

கதவை அறைந்து சாத்தினாள். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் அழுதேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

"போன மாசம் அப்பா வீட்டுக்குப் போனேன்ல. பாப்பாவைத் தூக்கிக்கன்னு கொடுத்தாங்க."

அவர் எங்களை விட்டுப் போய் மூன்று வருடம். அந்த வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை. நான் வாயை மூடிக்கொண்டு தலையணை உறையை மடித்தேன்.

"என்னைப் பார்த்துச் சிரிச்சுது. கீழ போட்டுடலாம்போல இருந்துச்சும்மா. போடலை. ஆனா தோணுச்சு."

கையில் ஒரு சாக்ஸ். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் —

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா கண்ணு. எல்லாருக்கும் அப்படித் தோணும். சரியாயிடும்."

சாக்ஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள்? நாக்கைக் கடித்துக்கொண்டாவது இருந்திருக்கக் கூடாதா நான்?

பிப்ரவரி 17

அவள் அப்பாவுக்கு போன் செய்தேன். ஏன் செய்தேன்? பயம். பச்சைக் குழந்தை ஆயிற்றே. "கொஞ்ச நாளைக்கு அவ கையில பாப்பாவைக் கொடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடத்தான் நினைத்தேன். "ஏன்?" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அந்தச் சும்மாவை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று அவள் அப்பா அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். பாப்பா சின்னது, புரிந்துகொள் என்று. போனை என் முன்னால் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"உன்கிட்டதானே சொன்னேன்" என்றாள்.

அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

மூடிய கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். மறுபடி கேட்டேன். எத்தனை தடவை கேட்டேனோ. நிறுத்தத் தெரியவில்லையே எனக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா வந்து அவளைக் கூட்டிப் போய்விட்டாள். வாலுதான் பெரியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். "கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்டி. ஸ்கூலுக்கும் அங்கேர்ந்து பக்கம்" என்றாள் அக்கா. கொஞ்ச நாளுக்குப் போகிறவள் குளிர்கால உடுப்பையெல்லாம் எதற்கு எடுத்துப் போகிறாள்? கேட்கவில்லை. முதல் தடவையாக நான் வாய் திறக்காமல் இருந்தேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

மார்ச் 3

பள்ளிக்குப் போகிறாளாம். ஆலோசகர் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா பேசினாள்.

"நேத்து அழுதாடி. தேம்பித் தேம்பி அழுதா. அவளுக்குப் பாப்பா மேல கோபமே இல்லையாம். அது சிரிக்கறப்ப அவ அப்பா பார்த்த பார்வை இருக்கே, அப்படித்தானே முன்னாடி தன்னையும் பார்த்தாருன்னு நினைச்சாளாம். கோபம்னு நினைச்சேன் பெரியம்மா, ஏக்கம்தான்னு சொன்னா. அப்புறம் நல்லா சாப்பிட்டா."

"நீ என்னக்கா சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்ல? வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்."

"என்கிட்ட பேசுவாளா?"

"கேட்டேன்டி. வேணாம்னுட்டா."

என் மகள் தேறிவிடுவாள். அது எனக்குத் தெரிகிறது. இந்த வீட்டில் இல்லை, என்னிடம் இல்லை, அவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். பிறகு அந்த வார்த்தையை அடித்தேன். சந்தோஷம் இல்லை இது. பொறாமை. கூடப் பிறந்த அக்கா மேல், தாங்க முடியாத பொறாமை.