வாய் முந்திய சௌக்கியம்

1946 ஜூலை 15, திங்கள். மாதுங்கா.

ஊரில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஒரு மாத லீவு கேட்பதற்காக, காலையில் ரயிலில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். முதலில் அம்மா, பிறகு லீவு. ஆனால் அறைக்குள் நுழைந்ததுமே மானேஜர் முந்திக்கொண்டார்.

"வாரும் ராமநாதன், ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அம்மா பேச்சை எப்படி எடுப்பது? மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் கமலா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. "நாளைக்கு அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, அம்மாவுக்கு ஒடம்பு முடியலைன்னு சொல்லிடுங்கோ. நமஸ்காரமெல்லாம் அப்புறம்" என்றாள்.

இதைக்கூட மனைவி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. நாளையும் அவர் முந்திக்கொண்டால், பேச்சே வேண்டாம், லீவு கேட்காமலே ராத்திரி மெயிலில் ஊருக்குக் கிளம்பிவிடுவேன்.